காற்று வாங்கப் போன ஞாயிறு: தேவ்நார்த் தமிழரும் கடற்கரையும்

மும்பைத் தமிழ் அமைப்புகள் வெளியிட்ட மலர்களைப் புரட்டிப் பார்க்கும் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மாட்டுங்காவில் கோயில் எழுந்த வரலாறு அவற்றில் இருக்கும். தாராவிக்குத் தோல் பதனிட வந்த நெல்லைச் சீமையினரின் வரலாறு இருக்கும். செம்பூரில் சபா நடத்தியவர்கள், பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வேண்டுமென்று அலைந்தவர்கள் எல்லாரும் இருப்பார்கள். இருக்க வேண்டியவர்கள்தான். ஆனால் இந்த மக்கள் வேலை இல்லாத நாளில் என்ன செய்தார்கள், எங்கே போய்ச் சிரித்தார்கள் என்று கேட்டால் அந்த மலர்களில் பதில் கிடைக்காது. உழைத்ததை எழுதி வைத்தோம், ஓய்ந்ததை எழுதவில்லை.

இக்கட்டுரை அந்த ஓய்வைப் பற்றியது. குறிப்பாக, தேவ்நார், கோவண்டி, செம்பூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஆண்டில் நாலைந்து முறை கடற்கரைக்குக் காற்று வாங்கப் போன பழக்கத்தைப் பற்றியது. "பீச்சுக்குப் போனதெல்லாம் ஒரு சரித்திரமா?" என்று கேட்கலாம். ஒரு குடும்பம் கடற்கரைக்குப் போக வேண்டுமானால் ஓய்வு நாள் வேண்டும், போய்வர வண்டி வேண்டும், போய் உட்காரக் காசு கேட்காத மணல் வேண்டும். இவற்றில் எதுவும் தானாக வந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் யாரோ உழைத்திருக்கிறார்கள், யாரோ போராடியிருக்கிறார்கள்.

புகாரில் ஒரு விடுமுறை

நெய்தல் என்றதும் நமக்கு இரங்கல் நினைவுக்கு வரும். கடலுக்குப் போனவனை எண்ணிக் கரையில் வருந்தியிருப்பவளின் திணை அது. ஆனால் அதே கடற்கரை விளையாட்டுக்கும் உரிய இடமாக இருந்தது என்பதற்குப் பட்டினப்பாலை சாட்சி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போவதில்லை. வலைகள் மணலில் காய்ந்து கிடக்கின்றன. சுறாமீனின் கொம்பை நட்டு வழிபடுகிறார்கள், தாழைப்பூச் சூடுகிறார்கள், கள் அருந்தி, உண்டு, மனைவியரோடு ஆடி மகிழ்கிறார்கள். தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விடுமுறைக் குறிப்புகளில் இது ஒன்று. அதை அனுபவிப்பவர்கள் அரசரோ வணிகரோ அல்லர், மீன்பிடித் தொழிலாளிகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அங்கே நடக்கும் விளையாட்டுகளையும் புலவர் சொல்கிறார். நண்டை விரட்டுகிறார்கள். அலையில் இறங்கிக் கலக்குகிறார்கள். மணலில் பாவை செய்கிறார்கள். கடலில் நீராடிவிட்டு உப்புப் போக நல்ல தண்ணீரில் மறுபடி குளிக்கிறார்கள். திருச்செந்தூரில் கடலாடிவிட்டு நாழிக்கிணற்றுக்குப் போகும் வழக்கம் நம் எல்லாருக்கும் தெரிந்ததே. ஜூஹுவிலிருந்து வந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி, "உள்ள வராத, மண்ணு!" என்று பக்கெட் தண்ணீரை ஊற்றுகிற தாய்மார்களும் அந்தப் பழைய முறையைத்தான் பின்பற்றுகிறார்கள்.

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை இன்னும் சுவையானது. இந்திர விழா முடிந்த பின் கோவலன் கோவேறு கழுதையிலும் மாதவி வண்டியிலும் ஏறிக் கடற்கரைக்குப் போகிறார்கள். இருள் விலகாத அந்த வேளையில் கரையெங்கும் விளக்குகள். சந்தனமும் பூவும் விற்பவர் விளக்கு, பிட்டு விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவர் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு, கப்பலுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கு. வெண்கடுகு மணலில் விழுந்தாலும் கண்டெடுக்கலாம் என்னும்படி வெளிச்சம். இதைப் படிக்கும் மும்பைத் தமிழருக்குச் சௌபாட்டியின் பேல்பூரிக் கடைகள் நினைவுக்கு வராமல் போகாது. கடற்கரை இருந்தால் கூட்டம் இருக்கும், கூட்டம் இருந்தால் தின்பண்டம் இருக்கும். இது அன்றும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்த கதை

நம் முன்னோருக்குத் திருவிழா உண்டு. பல ஊர்களில் அமாவாசையன்று ஏர் பூட்டமாட்டார்கள். கொத்தனாரும் கரண்டி எடுக்கமாட்டார். ஆனால் ஏழு நாளைக்கு ஒரு நாள் எல்லாருக்கும் ஓய்வு என்பது ஆலைகள் வந்த பிறகு கேட்டு வாங்கியது. அதைக் கேட்டு வாங்கிய ஊர் நம் மும்பை.

மகாத்மா ஃபுலேயின் சத்தியசோதக இயக்கத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே 1884இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி, வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்ற கோரிக்கையை எழுப்பினார். அந்நாளில் ஆலைத் தொழிலாளிக்கு விடிந்தால் வேலை, இருட்டினால் வீடு. 1890 ஏப்ரல் 24 அன்று மகாலட்சுமியில் ஏறத்தாழ 10,000 தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில் பெண் தொழிலாளர் இருவரும் எழுந்து பேசினார்கள். அதே ஆண்டு ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் சங்கம் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தது. அடுத்த ஆண்டு, 1891இல் வந்த தொழிற்சாலைச் சட்டத்தில் வார ஓய்வு இடம்பெற்றது. லோகண்டே 1897இல் பிளேக் நோய்க் காலத்தில் மறைந்தார். 2005இல் அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. ஞாயிறு மாலை ஜூஹுவில் கூடும் ஆயிரக்கணக்கானவர்களில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

தமிழகத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது 1923இல், சென்னைக் கடற்கரையில். ம. சிங்காரவேலர் அன்று இரண்டு கூட்டங்களை நடத்தினார்: ஒன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில், மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். மே தினத்தை விடுமுறையாக்க வேண்டும் என்பது அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. மீனவர் குடியில் பிறந்த ஒருவர், தொழிலாளிக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று கடற்கரை மணலில் நின்று கேட்டார். பட்டினப்பாலைப் பரதவரின் முழுநிலா நாளை அறிந்தவர்களுக்கு இது தற்செயலாகத் தோன்றாது.

ஓட்டலிலும் கடையிலும் வேலை பார்த்த நம்மவர்களுக்கு ஓய்வு இன்னும் தாமதமாகவே வந்தது. வார விடுமுறைச் சட்டம் 1942இலும், பம்பாய்க் கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1948இலும் வந்தன. சட்டம் வந்தாலும் ஞாயிறு அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஊரே ஞாயிற்றுக்கிழமை வெளியே சாப்பிட வரும்போது மாட்டுங்காவில் தோசைக்கல் முன் நிற்பவர் எப்படி லீவு எடுப்பார்? என் சித்தப்பா ஒருவருக்குத் திங்கட்கிழமை ஓய்வு. "எனக்கு ஞாயித்துக்கிழமையே திங்கக்கிழமைதாம்ல" என்பார். கடற்கரைக்குத் தனியாகத்தான் போய்வருவார்.

மணல் வந்த கதை

சென்னை மெரினாவின் அகன்ற மணல் பழையதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்பட்டபோது, கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மணல் தடுக்கப்பட்டுத் தெற்கே சேர்ந்தது. அதற்கு வடக்கே கரை அரிக்கப்பட்டது. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் 1884இல் நடைபாதை அமைத்து, இத்தாலியப் பெயரால் மெரினா என்று அழைத்தார். தமிழர் பெருமையோடு சொல்லும் கடற்கரை ஒரு துறைமுகச் சுவரால் வந்த சேர்க்கை.

மும்பைக் கடற்கரைகளுக்கு வேறு வகை வரலாறு. கிர்காம் சௌபாட்டியில் 1920 ஆகஸ்ட் 1 அன்று லோகமான்ய திலகருக்கு இறுதிச் சடங்கு நடந்தது. 1930 ஏப்ரலில், ராஜாஜி வேதாரண்யம் நோக்கி நடந்துகொண்டிருந்த அதே மாதத்தில், கமலாதேவி சட்டோபாத்யாயா முதலானோர் பம்பாய்க் கடற்கரையில் உப்புக் காய்ச்சினார்கள். 1956 டிசம்பரில் டாக்டர் அம்பேத்கரின் உடல் தாதர் சௌபாட்டியில் தகனம் செய்யப்பட்டது. அங்கேதான் இன்று சைத்ய பூமி இருக்கிறது. தாராவித் தமிழர்கள் பலருக்கு அந்த மணல் விளையாட்டு மணல் மட்டுமல்ல, வணங்கும் மணலும்கூட.

ஜூஹுவுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு பறந்து வந்து இறங்கியது ஜூஹுவில். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு போனார். பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையிலான விமானத் தபால் அந்தக் கடலோரத்தில்தான் தொடங்கியது. சிறையிலிருந்து விடுதலையான பின் 1924இலும் 1944இலும் காந்தியடிகள் உடல் தேறத் தங்கியதும் ஜூஹுவில்தான்.

தேவ்நாரின் கடல்

தேவ்நாரும் கடலுக்குப் பக்கம்தானே, பிறகு ஏன் இத்தனை தூரம் போக வேண்டும் என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. நம் கிழக்கே இருப்பது தாணே கழிமுகம். அங்கே மணல் கிடையாது. சேறும் அலையாத்திக் காடும்தான். அந்தச் சேற்றை நம்பி ட்ராம்பேயிலும் மாஹுலிலும் கோலி மீனவர்கள் வாழ்ந்து வந்தார்கள். அதே சேற்றை நம்பித்தான் பூநாரைகளும் வருகின்றன. 2015இல் அது பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது.

ஆனால் மாநகரம் இந்தப் பக்கத்துக் கடலோரத்தை வேறு வேலைக்கு ஒதுக்கிவிட்டது. தேவ்நார் குப்பைமேடு 1927இல் தொடங்கியது. 1950களின் நடுவில் மாஹுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. ட்ராம்பேயில் அணுசக்தி நிலையம் எழுந்து, 1956இல் அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. 1971இல் தேவ்நார் இறைச்சிக்கூடம் வந்தது. இவற்றோடு 1954இல் டாடா சமூக அறிவியல் நிறுவனமும் தேவ்நாருக்குக் குடிவந்து அறிவுக்கும் ஓர் இடம் தந்தது. வேலை கொடுத்த கடலோரம் இது. நம்மவர்கள் இங்கே வந்ததே அந்த வேலைக்காகத்தான். ஆனால் காற்று வாங்க இங்கே வழியில்லை. 2016 ஜனவரியில் குப்பைமேடு பற்றியெரிந்தபோது அந்தப் புகை விண்வெளிப் படத்திலும் தெரிந்தது. கோவண்டியில் பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. காற்று வாங்கப் போவது என்ற சொல்லின் முழுப்பொருள் தேவ்நார்க்காரர்களுக்குத் தெரிந்த அளவு மற்றவர்களுக்குத் தெரியாது.

கடற்கரைக்குக் கொண்டுபோன ரயிலும் இதே கதையைச் சேர்ந்தது. குர்லாவுக்கும் செம்பூருக்கும் இடையே 1906இல் பாதை போட்டது குப்பை வண்டிகளுக்காக. 1924இல்தான் அதில் பயணிகள் ஏறினார்கள். 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது ஹார்பர் பாதையில். நகரத்தின் கழிவை இங்கே கொண்டுவரப் போட்ட தண்டவாளமே பின்னாளில் நம்மை ஞாயிறன்று வெளியே கூட்டிப்போயிற்று. கோவண்டியில் ஏறிக் குர்லாவில் மாறித் தாதர் போய், மறுபடி மேற்குப் பாதையில் மாறினால் சர்னி ரோடு, இறங்கியதும் சௌபாட்டி. ஜூஹு என்றால் சாந்தாகுருஸில் இறங்கிப் பஸ். மாட்டுங்கா முதியவர்கள் டிராமில் போன கதையைச் சொல்வார்கள். கடைசி டிராம் 1964 மார்ச் 31 அன்று ஓடி நின்றது.

புளியோதரைப் பொட்டலம்

1970களில் எங்கள் வீட்டில் கடற்கரைக்குப் போவது பெரிய ஏற்பாடு. அப்பா ஷிப்டு முறையில் ஓடும் ஆலையில் வேலை பார்த்தார். வார ஓய்வு மாறி மாறி வரும். அது ஞாயிற்றுக்கிழமையோடு பொருந்தும் வாரம் தெரிந்ததும் காலண்டரில் பென்சிலால் வட்டம் போடுவோம். அம்மா அன்று நாலு மணிக்கே எழுந்து புளியோதரை கிளறி, தயிர்சாதம் பிசைந்து, உருளைக்கிழங்கு வதக்கி, தூக்குவாளியில் அடைப்பார். ஆலையில் அப்பாவுக்கு ஓய்வு; அடுப்படியில் அம்மாவுக்கு அன்றுதான் இரட்டை ஷிப்டு. லோகண்டே வாங்கிக் கொடுத்த ஞாயிறு சமையலறை வரை வந்து சேரவில்லை. என் தலைமுறைப் பெண்கள் பலரும் இதையே சொல்கிறார்கள்.

ஆனாலும் மணலில் உட்கார்ந்த பிறகு அம்மா வேறு ஆளாகிவிடுவார். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு அலையில் நிற்பார். "நம்ம ஊர்ல சூரியன் கடல்ல இருந்துல்லா வருவாரு, இங்க கடலுக்குள்ள போறாரு!" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். திருச்செந்தூர்க் கடலைப் பார்த்து வளர்ந்தவருக்கு அரபிக்கடல் திசை மாறிய கடல். பேல்பூரியில் புளிச்சட்னியைக் குறைத்துப் போடச் சொல்லி மராத்தியும் இந்தியும் கலந்து பேசுவார். நாங்கள் பர்ஃப் கோலாவை உறிஞ்சி நாக்குச் சிவந்ததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம்.

1960களின் கடைசியில் தென்னிந்தியருக்கு எதிரான கிளர்ச்சிகள் நடந்த நாட்களில், ரயிலில் தமிழை மெதுவாகப் பேசச் சொல்லிப் பிள்ளைகளை அதட்டிய பெற்றோர் பலர். கடற்கரையில் அந்த அதட்டல் இல்லை என்று என் அத்தை சொல்வார். அலைச் சத்தத்தில் யார் எந்த மொழியில் கத்துகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? குஜராத்திக் குடும்பமும் கொங்கணிக் குடும்பமும் நாமும் அருகருகே தாள் விரித்து உட்கார்ந்திருப்போம். வீட்டுச் சொந்தக்காரர், மேஸ்திரி, கண்காணி என்று யாரும் எழுப்பிவிடாத இடம் மும்பையில் எத்தனை இருந்தது?

யாருடைய மணல்?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நமக்கு விளையாட்டுக் களமான மணல் இன்னொருவருக்கு வேலைக்களம். 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காக மீனவரின் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முனைந்தபோது மோதல் வெடித்துத் துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. மும்பையில் 2024இல் திறக்கப்பட்ட கடலோரச் சாலைக்காக ஒர்லியில் பாலம் கட்டியபோது, தூண்களுக்கு இடையே 60 மீட்டர் இருந்தால் படகுகள் பாதுகாப்பாகப் போக முடியாது என்று கோலிகள் போராடி, அதை 120 மீட்டராக்க வைத்தார்கள். பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகிறவர்கள் இவர்களை அறிந்திருப்பது நல்லது. கோலிகள் நாரளி பூர்ணிமையன்று தேங்காயைக் கடலுக்குப் படைத்து மீன்பிடிப் பருவத்தைத் தொடங்குகிறார்கள். அதுவும் முழுநிலா நாள். புகார்ப் பரதவருக்கு அவர்கள் பங்காளிகள் என்றே எனக்குத் தோன்றும்.

மணல் பொதுவாக இருக்க வேண்டும் என்பதற்குச் சட்டமும் பிந்தியே வந்தது. 1981இல் பிரதமர் இந்திரா காந்தி, உச்சநீர் வரம்பிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் வேண்டாம் என்று கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதினார். 1991இல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. அதன்பின் அது பலமுறை திருத்தப்பட்டும் தளர்த்தப்பட்டும் வந்திருக்கிறது. கடலும் தன் கணக்கைச் சொல்லாமல் விடவில்லை. 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. மெரினாவில் நடைப்பயிற்சிக்கும் கிரிக்கெட்டுக்கும் வந்தவர்களும், நாகப்பட்டினம் கரையோரம் குடியிருந்த ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பத்தினரும் ஆழிப்பேரலையில் மாண்டார்கள்.

குப்பையின் கணக்கும் உண்டு. கடற்கரையில் நாம் போட்டுவிட்டு வரும் தாள் தட்டும் பிளாஸ்டிக் குவளையும் பல பத்தாண்டுகள் லாரி ஏறி வந்து சேர்ந்த இடம் நம் தேவ்நார்தான். வெர்சோவாவில் 2015இல் அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞர் தொடங்கிய கடற்கரைத் துப்புரவுப் பணியில் சேர்ந்தவர்கள் வார இறுதிகளில்தான் வேலை செய்தார்கள். விடுமுறையை மணலுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பன்னிரண்டு படங்கள்

இந்த வரலாற்றுக்கு ஆவணம் எங்கே இருக்கிறது? நம் வீட்டு அலமாரிகளில். அக்ஃபா கிளிக் 3 என்ற சிறு காமிரா அந்நாளில் பல நடுத்தர வீடுகளில் இருந்தது. சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். அதனால் எதை எடுப்பது என்று யோசித்துத்தான் எடுப்பார்கள். கல்யாணத்துக்கு அடுத்தபடியாக அந்தப் பன்னிரண்டில் இடம்பிடித்தது கடற்கரை. பேண்ட்டை முழங்கால் வரை மடித்த மாமா, காற்றில் பறக்கும் பின்னலைப் பிடித்தபடி சித்தி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைகள். அவர்கள் வேலை செய்யும் படம் ஒன்றுகூட இருக்காது. ஆலைக்குள் காமிராவுக்கு அனுமதி ஏது? ஆகவே நம் தந்தையர் தலைமுறையின் முகம் நமக்குக் கிடைப்பதே அவர்களுடைய ஓய்வு நாளில்தான்.

அந்தப் படங்களில் பலவற்றின் பின்புறம் எதுவும் எழுதப்படவில்லை. எந்தக் கடற்கரை, எந்த ஆண்டு, ஓரத்தில் நிற்பவர் யார் என்று சொல்லக்கூடியவர்கள் இப்போது எண்பதைக் கடந்தவர்கள். ஆண்டுக்கு ஆண்டு அவர்கள் குறைந்து வருகிறார்கள். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வரும் ஞாயிறன்று பழைய ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். "இது எங்க எடுத்தது பாட்டி? அன்னைக்கு என்ன சாப்பாடு? தாத்தாவுக்கு எப்படி லீவு கெடச்சுது?" என்று பேரப்பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதைப் படத்தின் பின்னால் மெல்லிய பென்சிலால், ஆண்டும் இடமும் பெயரும் சேர்த்து எழுதி வையுங்கள். அழுத்தி எழுதினால் முகத்தில் தடம் விழும். ஒரு பிரதி எடுத்துச் சங்க நூலகத்திலும் கொடுத்தால், அடுத்த மலரில் கோயில் வரலாற்றுக்குப் பக்கத்திலேயே நம் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சில பக்கங்கள் கிடைக்கும்.